பதினேழாம் நம்பர் மெஷின்

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க…”

“எங்க தள்ளுறது? அந்தப் பக்கம் மழை!”

“தெரியும். நீங்க நனைஞ்சா காஞ்சிருவீங்க. இவங்க நனைஞ்சா போயிருவாங்க.”

கமலவேணி வெடுக்கென்று திரும்பினாள். இவங்களாம்… யார் இந்த இவங்க? காஜா பெராங் சாலையில் அந்த வெள்ளிக்கிழமை மாலை மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு, பூட்டிக் கிடந்த தையல் கடையின் முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையில் ஒதுங்கி நின்றவள் அவள் ஒருத்திதான். கூரை பாதி ஒழுகியதால் ஈரமில்லாத இடமே இரண்டடிதான் இருந்தது. அதற்கும் பங்கு கேட்டுக்கொண்டு ஒருவன் வந்து நிற்கிறான்!

நெடுநெடுவென்று உயரம். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பலாப்பழப் படம் போட்ட பிளாஸ்டிக் மேசைத்துணியில் எதையோ சுற்றி, தூங்கும் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறான். துணியின் ஓரத்தை விலக்கிக் காட்டினான். கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய படங்கள்… கறுப்பு வெள்ளையில் நூறு முகங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

“இவங்கதான்” என்றான்.

“படத்துக்காக என்னை மழையில நிக்கச் சொல்றீங்களா?”

“முழுசா இல்ல… ஒரு தோள் மட்டும்.”

என்ன துணிச்சல்! நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. சீ, போகட்டும் என்று ஒரு தோளை மழைக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். அவன் படங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். அப்போது பார்த்தா காற்று திசை மாற வேண்டும்? சாரல் நேராக உள்ளே அடித்தது. அவன் சட்டென்று மேசைத்துணியை உதறி, அவளுக்கும் படங்களுக்கும் மேலாக இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் மட்டும் வெளியே நின்றான். முழுசாக நனைந்துகொண்டு.

“நீங்க நனையிறீங்களே…”

“நான் காஞ்சிருவேன்.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடங்கவில்லை. அவனும் சிரித்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்… கறுப்பில்லை, காப்பி நிறம். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. அது விழும்வரை தான் பார்த்துக்கொண்டே நின்றது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. ஐயோ, என்ன நினைத்திருப்பான்!

“யாரு இதெல்லாம்?” என்றாள் அவசரமாக.

“எங்க கம்பத்து ஆளுங்க. ஐம்பத்தாறாம் வருசம். சுதந்திரத் தேதியை அறிவிச்ச நாள். பண்டார் ஹிலிர் திடல்ல எல்லாரும் நிக்கிறாங்க, பாருங்க. இந்த மாதிரி நானூத்திப் பன்னெண்டு படம். வீடு வீடாப் போயி, இது யாரு, அது யாருன்னு கேட்டு டைப் பண்றேன். முப்பதாந்தேதி கண்காட்சி. திரையில ஒரு முகத்தைத் தொட்டா… பேரு வரும், கதை வரும்.”

அவன் தமிழ் நின்று நின்று வந்தது. காஜா பெராங் செட்டிக் கம்பத்துக்காரன்; பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வழி வந்தவர்களின் கிராமம் அது. கோயில் உண்டு, திருநீறு உண்டு, பெயரெல்லாம் சுத்தத் தமிழ்ப் பெயர். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். மலாக்காவில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

“தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க?”

“கூட வேலை செய்றவங்ககிட்ட. அதனால திட்டுற வார்த்தைதான் நிறையத் தெரியும். நீங்க என்ன வேலை?”

“மெஷின் பார்த்துக்குறேன்.”

“இந்தக் கடையிலயா? தையல் மெஷினா?”

“உங்களுக்கு அப்படித் தோணுதா?” என்று முறைத்தாள். அவன் சித்தப்பா ஒருவரின் வேன் வந்து நின்றது. படங்களைப் பத்திரமாக ஏற்றிவிட்டு, மேசைத்துணியை அவள் தலையில் போட்டான்.

“போர்த்திக்கிட்டுப் போங்க. அப்புறமா திருப்பிக் குடுங்க!”

“எங்க வந்து குடுக்குறது? பேரு…”

வேன் போய்விட்டது. பெயரைக் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. புக்கிட் காதில் என்ற ஊரிலிருந்த தன் வீடு வரைக்கும் பலாப்பழ மேசைத்துணியைப் போர்த்திக்கொண்டு மோட்டார் ஓட்டிப் போனவளைப் பார்த்து அவள் அம்மா பூங்காவனம் வாசலிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. துணியைத் துவைத்துக் காயப் போட்டாள். காய்ந்ததா என்று மூன்று முறை போய்ப் பார்த்தாள். மடித்தாள். மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடியும் மடித்தாள். பிளாஸ்டிக் துணியை இஸ்திரி போடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள், பைத்தியக்காரி!

அவள் பார்த்துக்கொள்ளும் மெஷின் எது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். காஜா பெராங்கில் ஒரு மாடி அலுவலகம். மற்ற நிறுவனங்கள் செய்யும் மென்பொருளைச் சோதித்துக் கொடுப்பதுதான் அங்கே தொழில். பின் அறையில் ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குள் முப்பத்தாறு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. கையால் தொட முடியாது, திரையில் மட்டும் திறக்கலாம். விஎம் என்பார்கள். மருத்துவமனைத் திட்டத்துக்கு நாலு, பள்ளிக்கூடத் திட்டத்துக்கு ஆறு, கண்காட்சிக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுப்பார்கள். எது யாருடையது, எதற்கு, எந்தத் தேதியோடு முடிகிறது… எல்லாம் ஒரே ஒரு எக்செல் ஷீட்டில் இருந்தது. அந்த ஷீட்டுக்கு மகாராணி கமலவேணி.

மூன்று வருடமாக ஒரு தப்பு கிடையாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேதி முடிந்த மெஷின்களை அழித்து இடத்தைக் காலி பண்ணுவாள். ‘முடியும் தேதி இல்லாத மெஷின் வெள்ளிக்கிழமை அழிக்கப்படும்’ என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருந்தாள். அவள் பெயரைவிட அந்த ஷீட்டின் மேல்தான் அவளுக்குப் பெருமை அதிகம். மழை பெய்த அந்த வெள்ளிக்கிழமைகூட ஐந்து மெஷின்களை அழித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை முதலாளி மாணிக்கவாசகத்தின் அறைக்குள் ஒரே சத்தம்.

“வேணி! இங்க வா! பதினேழாம் நம்பர் மெஷின் எங்க?”

உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். காப்பி நிறக் கண்கள். அன்றைக்குச் சிரித்தவை இன்றைக்குச் சிவந்திருந்தன.

“நீங்களா!”

“நீங்களா!”

“என்னலா, முன்னமே பழக்கமா? இவருதான் கண்காட்சி புரோஜெக்ட் தெய்வநாயகம். பண்டார் ஹிலிர்ல உக்காந்து வேலை பார்க்குறவரு.”

டி.என்.! ஷீட்டில் எட்டு மாதமாக அவள் பார்த்து வந்த இரண்டெழுத்து. எப்போதும் கடைசி நிமிடத்தில் விவரம் நிரப்பும் அந்த டி.என். இவன்தானா!

“நானூத்திப் பன்னெண்டு படத்துக்கும் எழுதினது அதுலதான் இருந்துச்சு” என்றான் அவன். “காலையில திறந்தா… மெஷினே இல்ல.”

சோதனை மெஷின்களுக்குப் பிரதி எடுத்து வைப்பதில்லை. அழித்தால் அழித்ததுதான். கமலவேணி மளமளவென்று ஷீட்டைத் திறந்தாள். பதினேழாம் நம்பர், கண்காட்சி, டி.என்., முடியும் தேதி… ஆகஸ்ட் எட்டு.

“எட்டாந்தேதியோட முடிஞ்சிருச்சு. ஒம்பதாந்தேதி அழிச்சேன். ரூல்ஸ் சுவத்துல ஒட்டியிருக்கு.”

“நான் செப்டம்பர் பதினஞ்சு போட்டேனே…”

“ஷீட்ல அப்படி இல்லையே.”

“ஒருவேளை… தப்பாப் போட்டுட்டேனா?” அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். தன்மேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“என் ஷீட் பொய் சொல்லாது” என்றாள் அவள். எவ்வளவு கம்பீரமாகச் சொன்னாள் தெரியுமா? அதை நினைத்து நினைத்துப் பிறகு அவள் கூசியது அவளுக்குத்தான் தெரியும்.

மாணிக்கவாசகம் கறாராகச் சொல்லிவிட்டார். முப்பதாம் தேதிக்குள் எல்லாவற்றையும் மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். கவனக்குறைவுக்கு ஒரு கடிதமும் கொடுக்க வேண்டும். இந்த மாதத்தோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது, இனிப் புதுப்பிப்பதற்கில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போனான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மதியம் பக்கத்து மேசைக் கோகிலா, கெட்டியான தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: “ஏய் வேணி, என் மெஷினுக்கு செப்டம்பர் பதினஞ்சு வரைக்கும் டைம் குடுத்திருக்க? நான் இந்த மாசத்தோட சரின்னுதான போட்டேன். பரவால்ல லா, லாபம்தான்!”

கமலவேணி நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் பதினஞ்சு…

ஷீட்டின் பழைய நிலையைத் திறந்து பார்த்தாள். வியாழக்கிழமை பதினேழாம் நம்பருக்கு நேராக, செப்டம்பர் பதினைந்து என்று தெளிவாக நின்றது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அது நகர்ந்திருக்கிறது. நகர்த்தியவர் பெயர்… கமலவேணி.

ஞாபகம் வந்துவிட்டது. தேதி முடிந்த மெஷின்கள் மேலே வரட்டும் என்று தேதிப் பத்தியை மட்டும் குறித்து, வரிசைப்படுத்தச் சொன்னாள். ‘பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து நகர்த்தவா?’ என்று திரை கேட்டது. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பரபரப்பு… வேண்டாம் என்று அழுத்திவிட்டாள். பெயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தேதிகள் மட்டும் எழுந்து இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. மேலே இருந்த ஐந்தையும் அழித்தாள். நாலு காலி மெஷின்கள், யாரும் தேடவில்லை. ஐந்தாவது அவனுடையது.

யாருக்கும் தெரியாது. ஒரு நிமிட வேலையில் எல்லாத் தேதிகளையும் பழைய இடத்தில் உட்கார வைத்துவிட்டாள். பதினேழாம் நம்பர் வரியை மட்டும் அப்படியே விட்டாள்.

ஏன் விட்டாள்? பயமா? பெருமையா? மூன்று வருடத்துப் பெயர் ஒரே நாளில் போய்விடுமே என்ற நடுக்கமா? எல்லாமும்தான்! ஐந்து மணிக்கு மோட்டாரை எடுத்தவள் வீட்டுக்குப் போகவில்லை. காஜா பெராங் சாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாலு சுற்றுச் சுற்றினாள். சொல்லிவிடு என்றது மனசு. சொன்னால் அந்தக் கண்கள் எப்படி மாறும் என்றும் அதுவே கேட்டது.

மறுநாள் மேசைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். சொல்லத்தான் போனாள். சத்தியமாகச் சொல்லத்தான் போனாள்.

“துணி குடுக்க வந்தேன்… அப்புறம்… நானும் கூட வரேன். வீடு வீடாப் போயி கேட்க. நீங்க கேளுங்க, நான் டைப் பண்றேன்.”

அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே! “நீங்களா? எனக்காகவா?”

“கண்காட்சிக்காக” என்றாள், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

அவன் அம்மா அலமேலு, கெபாயா சட்டையும் சாரோங் கைலியும் நெற்றியில் திருநீறுமாக எட்டிப் பார்த்தார். யார் இது என்று மலாயில் கேட்டார். கூட வேலை செய்கிறவர் என்று அவன் மலாயில் சொன்னான். கூட வேலை செய்கிறவருக்கா காது இப்படிச் சிவக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டது கமலவேணிக்கும் நன்றாகப் புரிந்தது. பாவம், புரியாததுபோல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்தரைக்கு ஆரம்பம். கம்பத்தில் ஒரு வீடு விடவில்லை. அவன் படத்தைக் காட்டுவான், அவள் மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டுவாள். ஒரே படத்தில் கையைத் தூக்கி நிற்கும் ஆளை எங்கள் மாமா என்று ஒரு வீடும், எங்கள் பெரியப்பா என்று எதிர்வீடும் அடித்துக்கொண்டார்கள்.

“என்ன எழுதுறது?” என்று அவள் கிசுகிசுத்தாள்.

“கை இவங்க மாமாவோடது, தலை அவங்க பெரியப்பாவோடதுன்னு எழுதுங்க.”

“ஐயோ, சும்மா இருங்க!”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம், வீட்டுக்குப் போகும் வழியில், அதே கண்ணில் வேறு தண்ணீர் வந்தது. ஒவ்வொரு நாளும் பிரியும்போது அவன் “ரொம்ப நன்றி” என்பான். அந்த நன்றி அவளை முள்ளாய்க் குத்தியது. நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றே ஒன்பது நாள் ஓடிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்றாள்.

பத்தாவது நாள், வியாழக்கிழமை. அண்ணாமலை என்ற பெரியவர் வீட்டு முறை. எண்பது வயது. மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து திடலைப் பார்க்கும் பையனின் படத்தை அவன் நீட்டினான்.

“இது நீங்கதானே அங்கிள்? போன தடவையே சொன்னீங்க. சும்மா ஒரு தடவை திரும்பச் சொல்லுங்க.”

பெரியவர் படத்தைக் கையில் வாங்கினார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார். அது அவர் இல்லையாம். அவர் தம்பி சேதுபதியாம். அன்றைக்கு அவருக்குப் பொன்னுக்கு வீங்கி, இரண்டு கன்னமும் வீங்கி வீட்டில் படுத்திருந்தாராம். ஊரே போன இடத்துக்கு நான் போகவில்லை என்று சொல்ல வெட்கம். தம்பி செத்த பிறகு, மரத்தில் இருந்தது நான்தான் என்று யாரிடமோ சொன்னார். அப்படியே பழகிவிட்டது.

“போன தடவை நீ எழுதிக்கிட்டுப் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல, தம்பி. அழிஞ்சிருச்சுன்னு கேட்டதும்… அப்பாடான்னு இருந்துச்சு. பேரை மாத்து. சேதுபதின்னு போடு.”

கமலவேணியின் விரல்கள் விசைகளின்மேல் நின்றுவிட்டன. சேதுபதி என்று நாலெழுத்து அடிக்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. எண்பது வயது மனுசன் சொல்லிவிட்டார்… நீ?

“என்ன, அழுறீங்களா?” என்றான் அவன்.

“கண்ணுல தூசி.”

“ரெண்டு கண்ணுலயுமா?”

மறுநாள் காலை மாணிக்கவாசகத்தின் மேசைமேல் அந்தக் கடிதம் தயாராக இருந்தது. மெஷினுக்குத் தவறான தேதி போட்டது தன் கவனக்குறைவு என்று தெய்வநாயகம் ஒப்புக்கொள்கிற கடிதம். அவன் பேனா மூடியைத் திறந்தான். “எனக்கு சரியா ஞாபகம் இல்ல. ஷீட்ல அப்படி இருந்தா… அப்படித்தான் இருக்கும். தாக் அபா, பரவால்ல…”

“கையெழுத்துப் போடாதீங்க!”

கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டாள் கமலவேணி. மூச்சு வாங்கியது.

“தேதியை மாத்தினது நான். அவரு செப்டம்பர் பதினஞ்சுன்னு சரியாத்தான் போட்டிருந்தாரு. நான் தேதியை மட்டும் தனியா வரிசைப்படுத்திட்டேன் சார். எல்லாம் இடம் மாறிருச்சு. பழைய ஷீட் இருக்கு, பாருங்க. அன்னைக்கு மதியமே எனக்குத் தெரியும். சொல்லல… பயந்துட்டேன்.”

அவள் மெல்லத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“அப்ப… கூட நடந்ததெல்லாம்… தெரிஞ்சுக்கிட்டேவா?”

“ம்…”

அவன் நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். படியில் அவன் காலடிச் சத்தம் கடைசிவரை கேட்டது.

எச்சரிக்கைக் கடிதம் அவளுக்கு வந்தது. அவனுடையது கிழிந்தது. அவன் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீண்டது. “ஷீட்டை உன்கிட்டேர்ந்து எடுக்கப் போறதில்ல” என்றார் மாணிக்கவாசகம். “தேதியை மட்டும் தனியா யாரும் அசைக்க முடியாம பூட்டுப் போடு. நீயே போடு. ஞாபகம் இருக்கட்டும்.” சரி சார் என்றாள். நியாயமாக அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது?

ஒரு வாரம் அவன் பேசவில்லை. மிச்சப் படங்களைத் தனியாகவே முடித்துப் புது மெஷினில் ஏற்றிவிட்டான் என்று ஷீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அந்த டி.என். என்ற இரண்டெழுத்தைத் தினமும் பத்துத் தடவை திறந்து பார்த்தாள். கோபமாக நாலு வார்த்தை திட்டினாலும் தேவலை… திட்டத்தான் நிறையத் தெரியும் என்றாயே, திட்டேன்!

முப்பதாம் தேதி. மறுநாள் சுதந்திர தினம். சாலையெல்லாம் கொடிகள். கண்காட்சித் திறப்புக்குக் கோகிலா கூப்பிட்டாள், போகவில்லை. எந்த முகத்தோடு போவது? நாலரை மணிக்கு மோட்டாரை எடுத்தாள். தையல் கடையை நெருங்கவும், அதற்கென்றே காத்திருந்ததுபோல் கொட்டியது மழை. அதே ஐந்தடிப் பாதை. அதே இரண்டடி இடம்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க…”

திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தாள். தொப்பலாக நனைந்து நின்றான். கையில் படம் எதுவும் இல்லை. அக்குளில் இடுக்கிய பலாப்பழ மேசைத்துணி மட்டும்தான்.

“திறப்பு விழாவுல இல்லாம… இங்க என்ன?”

“நீங்க வருவீங்கன்னு பார்த்தேன். வரல. ஆபீஸுக்குப் போனா கிளம்பிட்டாங்கன்னு சொன்னாங்க. ஓடி வந்தேன்.” மூச்சு வாங்கினான். “உங்ககிட்ட ஒண்ணு குடுக்கணும்.”

சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒரு சின்னப் பெண்டிரைவ்.

“என்ன இது?”

“முன்னூத்திப் பத்து படத்துக்கு எழுதினது. ஜூலை மாசம் பிரதி எடுத்து வச்சேன், மறந்துட்டேன். மோட்டார் சீட்டுக்கு அடியில கிடந்துச்சு.”

“எப்ப கிடைச்சுது?”

அவன் மழையைப் பார்த்தான்.

“உங்களைத்தான் கேக்குறேன். எப்ப கிடைச்சுது?”

“நாம ஆரம்பிச்சு… ரெண்டாவது நாள்.”

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கண்கள் அகல விரிந்தன. “ரெண்டாவது நாளா? அப்புறம் ஏன் ஒவ்வொரு வீடா, ஒவ்வொரு படமா… கால் வலிக்க என்னை…”

“இது கிடைச்சிருச்சுன்னு சொன்னா, நீங்க மறுநாள் வர மாட்டீங்க.”

மழை சோவென்று இரைந்தது.

“அதான் சொல்லல” என்றான் அவன். “அன்னைக்கு நீங்க பாஸ் ரூம்ல அத்தனை தைரியமா நின்னு சொன்னீங்க. எனக்குக் கோபம் இல்ல, வேணி… வெட்கம். நானும் மறைச்சுக்கிட்டுத்தானே கூட நடந்தேன்? அதைச் சொல்ல ஒரு வாரம் ஆயிருச்சு. ஆனா ஒண்ணு, அண்ணாமலை அங்கிள் மட்டும் உண்மையிலேயே சந்தோசப்பட்டாரு. இன்னைக்குத் திரையில தம்பி பேரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரு.”

வேணி என்றான்! முதல் தடவை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. “ஃப்ராடு!” என்றாள். “சரியான ஃப்ராடு நீங்க! ஒன்பது நாள் நான் சாப்பிடாம செத்தேன் தெரியுமா? உங்க மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து…”

“பார்த்துப் பார்த்து?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லுங்க. எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். பாதியில விட்டா புரியாது.”

“பார்த்துப் பார்த்து… பிடிச்சுப் போச்சு. போதுமா?”

சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் பார்த்தாள். மேசைத்துணியைப் பிரித்து, சாரல் படாமல் அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றான் அவன். பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

“எனக்கு அந்த முதல் வெள்ளிக்கிழமையே பிடிச்சுப் போச்சு” என்றான். “ஒரு தோளைக் குடுத்தீங்களே, அப்பவே.”

“எங்க அம்மாகிட்ட தமிழ்லதான் பேசணும். திட்டுற வார்த்தையெல்லாம் ஆகாது.”

“கத்துக்கிறேன். எத்தனை நாள் டைம்?”

“அதை நீங்கதான் சொல்லணும். என்கிட்ட எதைக் கேட்டாலும் முடியும் தேதி போடணும். ரூல்ஸ் தெரியும்ல?”

“போட மாட்டேன்.”

“போடலன்னா வெள்ளிக்கிழமை அழிச்சிருவேன்.”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான்” என்றான். “அழிங்க, பார்க்கலாம்.”

அவள் அவனை முறைத்துப் பார்த்தாள். பிறகு, துணிக்கு வெளியே நனைந்துகொண்டிருந்த அவன் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.